அரசுத் தளமும் செயலியும்: சட்டம் என்ன கேட்கிறது?

எல்லோருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். பட்டா, வருமானச் சான்றிதழ், ஓய்வூதியம், தேர்வு விண்ணப்பம் என்று எதை எடுத்தாலும் இன்றைக்கு ஒரு இணையதளமோ செல்போன் செயலியோ வழியில் நிற்கிறது. அந்தப் பக்கத்தைப் பார்வையற்ற ஒருவரால் திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்) வைத்துக் கேட்க முடியவில்லை, மவுஸ் பிடிக்க முடியாதவரால் விசைப்பலகையை மட்டும் வைத்து நிரப்ப முடியவில்லை என்றால், அவரைப் பொறுத்தவரை அந்த அலுவலகமே மூடிக் கிடக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். அதற்குப் பிறகு வந்த சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது, அதனால் உண்மையான எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

சட்டம் எது என்றால், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கட்டடம், போக்குவரத்து போலவே தகவல் தொழில்நுட்பத்துக்கும் மத்திய அரசு தரநிலைகளை விதிகளாக வகுக்க வேண்டும் என்கிறது 40ஆம் பிரிவு. விதிகள் வந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் சேவை தருகிற எல்லோரும், அரசோ தனியாரோ, அதன்படி மாறிவிட வேண்டும் என்கிறது 46ஆம் பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வந்தன. அப்படியானால் 2019 ஜூனோடு கெடு முடிந்துவிட்டது, அதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அப்புறம் ஏன் நடக்கவில்லை? அந்த 2017 விதிகளில் 15ஆம் விதி பல வழிகாட்டுதல்களைச் சுட்டிக் காட்டிவிட்டு நின்றுவிட்டது. வழிகாட்டுதல் என்றால் அதிகாரிகளுக்கு ‘முடிந்தால் செய்யலாம்’ என்றுதான் படும். இதைத்தான் ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் பிடித்தது. சட்டம் கட்டாயம் என்று சொல்லும்போது விதி பரிந்துரை மட்டும் செய்ய முடியாது, ஆகவே 15(1) விதி சட்டத்துக்கு முரண் என்று சொல்லி, கட்டாயமான குறைந்தபட்ச விதிகளை மூன்று மாதத்துக்குள் தனியாக வகுக்கச் சொன்னது. அடுத்து 2025 ஏப்ரல் 30இல் இன்னொரு தீர்ப்பு. ஆசிட் வீச்சில் கண்கள் சிதைந்த பெண்ணிடம், வங்கிக் கணக்கு தொடங்க ‘கண்ணைச் சிமிட்டிக் காட்டுங்கள்’ என்று கேட்கிறது இணையவழிச் சரிபார்ப்பு. அவர் எப்படிச் சிமிட்டுவார்? நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் 20 உத்தரவுகள் போட்டார்கள். டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று எழுதினார்கள். என்னைக் கேட்டால், இத்துறையில் இருக்கிற ஒவ்வொருவரும் முழுசாகப் படிக்க வேண்டிய தீர்ப்பு அது.

தொழில்நுட்பப் பக்கம் அவ்வளவு சிக்கலானது இல்லை. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டுதலின் மூன்றாம் பதிப்பு, ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரநிலை, இரண்டுமே இணையப் பக்கங்களை எல்லோரும் அணுகும்படி அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி 2.1 என்ற உலகத் தரத்தை ஒட்டியவை, இரண்டும் செயலிகளுக்கும் பொருந்தும். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற அளவிலாவது நிற வேறுபாடு வேண்டும், 200 சதவீதம் பெரிதாக்கினாலும் எதுவும் மறையக் கூடாது, எல்லாப் பொத்தானும் விசைப்பலகையில் இயங்க வேண்டும், படத்துக்கும் படிவக் கட்டத்துக்கும் பெயர் இருக்க வேண்டும், படத்தில் எழுத்தைக் காட்டித் தட்டச் சொல்லும் கேப்சாவுக்கு ஒலி வடிவமாவது மாற்றாக இருக்க வேண்டும். செயலியில் பெயர் கொடுக்காத பொத்தான்களை ஆண்ட்ராய்டு போனில் இருக்கும் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் ‘பட்டன், பட்டன்’ என்றே வாசித்துக்கொண்டு போகும், எது ‘சமர்ப்பி’, எது ‘நீக்கு’ என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்தின் மேலே எழுத்தைப் பெரிதாக்கும் மூன்று பொத்தான்களை வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அதனால் பார்வையற்றவருக்கு ஒரு பயனும் இல்லை.

தமிழில் இருக்கிற சிக்கலைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஆவணங்கள் இபப் என்ற மின்னூல் வடிவிலோ, எழுத்துகளை அடையாளம் காணக்கூடிய பிடிஎஃப் வடிவிலோ இருக்க வேண்டும் என்று 2017 விதியிலேயே இருக்கிறது. ஆனால் கையெழுத்துப் போட்ட தாளை அப்படியே ஸ்கேன் பண்ணி ஏற்றும் வழக்கம் இன்னும் போகவில்லை. திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம், ஒரு வார்த்தைகூட வராது. இன்னொரு பக்கம், பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும், கேட்டால் உளறல் மாதிரி இருக்கும். எந்தக் கருவியிலும் தமிழைத் தமிழாகவே வைத்திருக்கும் பொதுக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு ஏற்று ஆணை போட்டது 2010இல். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அப்படி ஒரு கோப்பு புதிதாக வெளிவந்தால் அதற்குச் சாக்கே கிடையாது. பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் ஒரே ஒரு வரி குறிப்பிட வேண்டும், அதை விட்டுவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்க முயன்று தடுமாறும். செலவு ஒன்றுமில்லை, அந்த வரியை எழுதினால் போதும்.

பிரிட்டனின் 2018 விதிமுறைகளில் எனக்குப் பிடித்த ஒரு ஏற்பாடு உண்டு. பழைய தளங்களுக்கு 2020 செப்டம்பர் 23, செயலிகளுக்கு 2021 ஜூன் 23 என்று கெடு வைத்ததோடு, தளத்தில் எந்தெந்தப் பகுதி இன்னும் அணுக முடியாமல் இருக்கிறது, சிக்கினால் யாரிடம் கேட்பது என்று ஒவ்வொரு பொது அமைப்பும் வெளிப்படையாக அறிக்கை போட வேண்டும். குறையை அலுவலகமே எழுதி ஒப்புக்கொண்டால் அதைத் தட்டிக்கழிப்பது கடினம்.

டெண்டர் எழுதுகிற அதிகாரிகள் இங்கே இருந்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஐஎஸ் 17802இன் பெயரை ஒப்பந்தத்திலேயே போடுங்கள். கடைசித் தவணைப் பணத்தை, திரைவாசிப்பானைத் தினமும் பயன்படுத்தும் ஒருவர் படிவத்தை முதலிலிருந்து கடைசி வரை நிரப்பிக் காட்டிய பிறகே விடுவியுங்கள். மென்பொருள் சோதனை மட்டும் போதாது, அது பாதிப் பிழைகளைப் பார்க்காமலே தாண்டிவிடும்.

மற்றவர்களுக்கு: புகார் கொடுங்கள். மாநில அரசுத் தளம் என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர், மத்திய அரசுத் தளம் என்றால் தலைமை ஆணையர். இருவருக்கும் சம்மன் அனுப்ப சிவில் நீதிமன்ற அதிகாரம் உண்டு. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம் என்கிறது 89ஆம் பிரிவு. புகாரில் பக்கத்தின் முகவரி, தேதி, எந்தப் போன், எந்தத் திரைவாசிப்பான், எந்தக் கட்டத்தில் சிக்கினீர்கள் என்பதெல்லாம் இருக்கட்டும். தளத்தைச் சரிசெய்ய நாளாகும், அதுவரை அதே வேலையை வேறு வழியில் முடித்துத் தரும்படியும் அந்தக் கடிதத்திலேயே சேர்த்துக் கேளுங்கள்.