பேரனின் பசி நேரமும் பதினொரு நாடுகளின் சமையலும்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை பேரக்குழந்தைகளைப் பார்க்க விமானம் ஏறும் பெற்றோர் பலர் இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். பங்குனியில் போய் ஆவணியில் திரும்புகிற கூட்டம் நாம். அங்கே போனதும் என்றாவது ஒரு நாள் மகளோ மருமகனோ, "ஆர்லாண்டோ போகலாம் அம்மா, டிஸ்னி பார்க்கலாம்" என்பார்கள். உடனே நம் மனத்தில் எழுகிற முதல் கேள்வி, "குழந்தை அங்கே என்ன சாப்பிடும்?" என்பதுதான். நான் பள்ளியில் மனையியல் கற்பித்தவள். சாப்பாடு என்பது எனக்குத் தொழிலாகவும் இருந்தது, ஆசையாகவும் இருக்கிறது. ஆகவே இந்தக் கேள்வியை வெறும் கவலையாக விட்டுவிடாமல், பயணத் திட்டத்துக்கே அடித்தளமாக வைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

ஃபுளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோவுக்கு அருகே இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் நான்கு பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் உள்ளன. 1971இல் திறக்கப்பட்ட மேஜிக் கிங்டம்தான் எல்லோருக்கும் தெரிந்தது. கோட்டை, ஊர்வலம், வாணவேடிக்கை எல்லாம் அங்கே. ஆனால் சாப்பாட்டில் விருப்பமுள்ள குடும்பம் முதலில் போகவேண்டிய இடம் எப்காட். 1982 அக்டோபர் 1ஆம் தேதி அது திறக்கப்பட்டது. அதன் பின்பாதியில் ஒரு பெரிய ஏரி. ஏரியைச் சுற்றி மெக்சிகோ, நார்வே, சீனா, ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கா, ஜப்பான், மொராக்கோ, பிரான்ஸ், பிரிட்டன், கனடா என்று பதினொரு நாடுகளின் அரங்குகள். ஒவ்வொன்றிலும் அந்தந்த நாட்டின் கட்டடம், கடை, சமையல். ஒரு சுற்று நடந்தால் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். பெரியவர்களுக்கு அது ஒரு மாலை நடை. இரண்டு வயதுக் குழந்தைக்கோ அது ஒரு தேசாந்திரம்.

அந்தச் சுற்றை ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். முதல் நாள் மெக்சிகோவில் தொடங்கி ஜெர்மனி வரை, இன்னொரு நாள் கனடாவில் தொடங்கி ஜப்பான் வரை என்று பிரித்துக்கொண்டால் போதும். நடுவில் ஏதாவது விட்டுப்போனால் போகட்டும். பசியும் தூக்கமும் சேர்ந்து வந்த குழந்தையை வெயிலில் இழுத்துக்கொண்டு பதினோராவது நாட்டைப் பார்ப்பதில் யாருக்கு என்ன மகிழ்ச்சி?

எந்த மாதம் போவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. எப்காட்டில் ஆண்டு முழுவதும் திருவிழாக்கள் மாறி மாறி நடக்கின்றன. அவற்றுள் புகழ்பெற்றது உணவும் ஒயினும் சேர்ந்த திருவிழா. அண்மை ஆண்டுகளில் அது கோடையின் கடைசியில் தொடங்கி நவம்பர் வரை நடக்கிறது. ஏரியைச் சுற்றிச் சிறு சிறு கடைகள் போட்டு, பல நாட்டுப் பண்டங்களைச் சின்னத் தட்டுகளில் தருவார்கள். சாப்பாட்டுப் பிரியர்கள் எல்லோரும் அந்தப் பருவத்துக்குத்தான் போவார்கள். கைக்குழந்தையோ நடை பழகிய குழந்தையோ உள்ள வீட்டுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். ஆகஸ்ட், செப்டம்பரில் ஃபுளோரிடாவின் புழுக்கம் நம் கடலோர ஊர்களை விடக் குறைந்ததில்லை. பிற்பகலில் இடியும் மழையும் வரும், புயல் பருவமும் அதுதான். வார இறுதி மாலைகளில் மதுக்கோப்பையோடு திரியும் கூட்டமும் மிகுதி.

அதற்குப் பதிலாக வசந்தத்தில் நடக்கும் மலர்த் திருவிழாவுக்குப் போங்கள். மார்ச் மாதத்தில் அது தொடங்கிவிடும். இதே போன்ற உணவுக் கடைகள் அதிலும் உண்டு, அதோடு செடிகளை மிக்கி, கூஃபி போன்ற கார்ட்டூன் உருவங்களாக வெட்டி வளர்த்திருப்பார்கள். வண்ணத்துப்பூச்சிகள் பறக்கும் ஒரு கூடாரம் இருக்கும். குழந்தைகள் ஏறி இறங்கி ஓடுவதற்கென்றே விளையாட்டுத் திடல்கள் அமைத்திருப்பார்கள். பெற்றோரில் ஒருவர் தட்டை வாங்கிவர, இன்னொருவர் குழந்தையை ஓடவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நம்மில் பலர் அங்கே போய்ச் சேரும் பருவமும் அதுதானே.

இன்னொரு செய்தி. மூன்று வயது நிறையாத குழந்தைக்கு அங்கே நுழைவு டிக்கெட் கிடையாது. பெரிய உணவகங்களில் எல்லோருக்கும் பொதுவாகப் பரிமாறும் விருந்திலும், பஃபேயிலும் அந்த வயதுக் குழந்தைக்குக் கட்டணம் இல்லை. மூன்று நிறைந்துவிட்டால் டிக்கெட் வேண்டும். மகள் வீட்டில் இதைக் கணக்கிட்டுப் பயணத் தேதியை வைப்பது நியாயமான சிக்கனம்.

இப்போது ஒரு நாளின் நேரக் கணக்குக்கு வருகிறேன். என் பேச்சின் உயிர் இதில்தான் இருக்கிறது. பூங்காவின் முன்பாதி காலையிலேயே திறந்துவிடும். நாடுகளின் அரங்குகளும் உணவுக் கடைகளும் பெரும்பாலும் பதினொரு மணிக்குத்தான் திறக்கும். பெரியவர்கள் பதினொரு மணிக்குச் சாப்பிட மாட்டார்கள். ஒரு மணிக்கு வருவார்கள், வரிசை நீளும். இரண்டு வயதுக் குழந்தைக்கோ பதினொன்றரைக்குப் பசிக்கும், ஒரு மணிக்குக் கண் சொருகும். அதாவது குழந்தையின் வயிறு கேட்கிற நேரமும் கடையில் வரிசை இல்லாத நேரமும் ஒன்றாகவே அமைந்திருக்கின்றன. குழந்தையின் நேரத்தை ஒட்டி நாம் நடந்துகொண்டால், சாப்பாட்டுக்காக வந்த பெரியவர்களுக்கும் அதுவே ஆதாயம். சுடச்சுடக் கிடைக்கும், உட்கார நிழலில் இடம் கிடைக்கும், அவசரம் இராது. வார நாளாக இருந்தால் இன்னும் நல்லது. வெள்ளி மாலை முதல் உள்ளூர்க்காரர்கள் திரளாக வந்துவிடுவார்கள்.

பதினொரு மணி வரை என்ன செய்வது? முன்பாதியில் நிலத்தைப் பற்றிய ஓர் அரங்கு இருக்கிறது. அங்கே படகில் ஏறி உட்கார்ந்தால், அது மெல்ல நகர்ந்து கண்ணாடிக் கூரையிட்ட பசுமைக் குடில்களுக்குள் போகும். உயரக் கட்டுப்பாடு கிடையாது, குலுக்கல் கிடையாது. வாழை, பப்பாளி, கொக்கோ எல்லாம் இருபுறமும். மண்ணே இல்லாமல் நீரிலும் காற்றிலும் வேர்விட்டுச் செடிகள் தொங்கும். அங்கே வளர்ந்த ஒரே ஒரு தக்காளிச் செடி 2005, 2006ஆம் ஆண்டுகளில் 32,000க்கும் மேற்பட்ட பழங்கள் காய்த்து உலகச் சாதனை படைத்தது. அவற்றின் எடை ஐந்நூறு கிலோவுக்கும் மேல். இந்தக் குடில்களில் விளைவதில் ஒரு பகுதி அங்குள்ள உணவகங்களுக்கே போகிறது. சோறு எங்கிருந்து வருகிறது என்று குழந்தைக்குக் காட்ட இதைவிட நல்ல இடத்தை நான் அந்தப் பூங்காவில் பார்க்கவில்லை. "வாழை! வாழை!" என்று என் பேரன் படகிலிருந்து கூவியபோது முன்னால் உட்கார்ந்திருந்த அமெரிக்கப் பெண்மணி திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அதே கட்டடத்தில், மேலே மெதுவாகச் சுழலும் ஓர் உணவகம் இருக்கிறது. விவசாயி உடையில் மிக்கியும், சிப், டேல் என்னும் அணில்களும் மேசைக்கு மேசை வந்து கைகுலுக்குவார்கள். உட்கார்ந்த இடத்துக்கே எல்லாம் வரும். சைவம் என்று முன்பே சொன்னால் தனியாகச் செய்து தருவார்கள். ஆளுயரப் பொம்மையைக் கண்டு சில குழந்தைகள் வீறிட்டு அழும். பக்கத்து மேசைக்கு அது வரும்போதே மடியில் வைத்துக் கையசைக்கச் சொல்லிப் பழக்குங்கள். வேண்டாம் என்று தலையசைத்தால் வற்புறுத்தாதீர்கள். அந்த வேடக்காரர்கள் குழந்தையின் மனத்தை அறிந்து விலகியும் போவார்கள்.

இத்தகைய உணவகங்களுக்கு அறுபது நாள் முன்னதாகவே முன்பதிவு தொடங்கிவிடும். டிஸ்னி விடுதிகளில் தங்குகிறவர்கள் அந்த ஒரே நாளில் தங்கள் பயணத்தின் பத்து நாள் வரைக்குமான இடங்களைப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தால் தலைக்கு இவ்வளவு என்று பணம் பிடிப்பார்கள். ஆகவே நாளுக்கு ஒன்றுக்கு மேல் இப்படிப் பதிவு செய்யாதீர்கள். மற்ற வேளைக்குச் சிறு கடைகளே போதும்.

அந்தச் சின்னத் தட்டுகள் குழந்தையோடு போகிறவர்களுக்கு வரப்பிரசாதம். நாலைந்து வாய்தான் இருக்கும். பிடிக்கவில்லை என்றால் பெரியவர்கள் சாப்பிட்டுவிடலாம், பெரிய இழப்பில்லை. பெரியவர் முதலில் ஒரு வாய் வைத்து, காரம், சூடு, உப்பு பார்த்துவிட்டுக் குழந்தைக்குக் கொடுங்கள். நார்வே அரங்கின் அடுமனையில் ஒரு மெத்தென்ற பன் கிடைக்கிறது. நடுவில் கஸ்டர்ட், மேலே சர்க்கரைப் பாகும் தேங்காய்த் துருவலும். தேங்காயைக் கண்டதும் நம் வீட்டுக் குழந்தை விடாது, நாமும் விடமாட்டோம். பிரான்சின் அடுமனையில் வெண்ணெய் மணக்கும் குவாசான் என்னும் அடுக்கு ரொட்டி. அதைப் பிய்த்துக் கொடுத்தால் அரை மணி நேரம் அமைதி. ஜெர்மனிக்குப் பக்கத்தில் தோட்டத்துக்குள் குட்டி ரயில்கள் ஓடுகின்றன. பாலமும் சுரங்கமும் ஊரும் எல்லாம் முழங்கால் உயரத்தில். தட்டை வாங்கிக்கொண்டு அந்த வேலியோரம் நின்றுவிடுங்கள். ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு வாய் என்று ஊட்டினால், வீட்டில் நிலாவைக் காட்டி ஊட்டியதெல்லாம் நினைவுக்கு வரும்.

சைவக் குடும்பங்கள் விழிப்பாக இருக்கவேண்டிய இடங்களும் உண்டு. மெக்சிகோ பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது மரபு. ஜப்பானிய நூடுல்ஸ் குழம்பும் மிசோ சூப்பும் பெரும்பாலும் மீன் சாற்றில் செய்வார்கள். கனடாவின் பாலாடைக்கட்டி சூப்பில் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும். மார்ஷ்மெல்லோ மிட்டாயில் ஜெலட்டின். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். ஒவ்வாமை உள்ள குழந்தை என்றால், தயங்காமல் சமையல்காரரை அழைத்துப் பேசலாம். அங்கே அது வழக்கமான நடைமுறைதான்.

அடுத்து, நான் குரலை உயர்த்திச் சொல்ல நினைப்பது பாப்கார்ன் பற்றி. பூங்காவில் திரும்பிய பக்கமெல்லாம் பாப்கார்ன் வண்டி. ஜெர்மனி அரங்கின் கடையில் கண்ணெதிரே காய்ச்சும் கேரமலைப் பூசியும் கொடுப்பார்கள், வாசனை ஆளை இழுக்கும். நான்கு வயது நிறையாத குழந்தைக்கு அதைக் கொடுக்காதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமே, மூச்சுக்குழாயில் அடைக்கும் அபாயமுள்ள பண்டங்களில் பாப்கார்னையும், முழுத் திராட்சையையும், கொட்டைகளையும், வட்டமாக நறுக்கிய சாசேஜையும் சேர்த்திருக்கிறது. திராட்சையை நீளவாக்கில் நான்காகக் கீறிக் கொடுங்கள். தள்ளுவண்டியில் சாய்ந்தபடியோ ஓடிக்கொண்டோ எதையும் தின்னவிடாதீர்கள். தாத்தா பாட்டிகளான நாம்தான் "ஒண்ணே ஒண்ணு" என்று கையில் கொடுத்துவிடுவோம். அதனால்தான் நமக்கே சொல்கிறேன்.

வீட்டுச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக அனுமதி உண்டு. குழந்தை உணவுச் சிறு குப்பி தவிர வேறு கண்ணாடிப் பாத்திரம் கூடாது, உதிரியான பனிக்கட்டி கூடாது. பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியைத் தாராளமாக எடுத்துப் போகலாம். தயிர்சாதத்துக்கு மட்டும் கவனம் வேண்டும். வெளியில் 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் இருந்தால், குளிர்ச்சியில்லாமல் வைத்த உணவு ஒரு மணி நேரத்துக்கு மேல் பாதுகாப்பானதன்று. உறைய வைத்த ஜெல் பைகளைச் சுற்றி வைத்து, குளிர்காப்புப் பையில் எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு பூங்காவிலும் குழந்தைகளுக்கென ஒரு பராமரிப்பு நிலையம் இருக்கிறது. அங்கே சோற்றைச் சூடாக்க மைக்ரோவேவ், உட்கார உயர நாற்காலி, பாலூட்டத் தனியறை, உடை மாற்ற மேசை எல்லாம் உண்டு. குளுகுளுவென்று இருக்கும், சத்தம் இருக்காது. பல குடும்பங்கள் இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாமல் வெயிலில் அல்லாடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். சிற்றுண்டிக் கடைகளில் பனிக்கட்டி போட்ட குடிநீர் கேட்டால் இலவசமாகவே தருவார்கள்.

தள்ளுவண்டிக்கு அளவு உண்டு. அகலம் 79 சென்டிமீட்டர், நீளம் 132 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. இழுத்துச் செல்லும் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. முதுகு சாயும்படியான வண்டியாகப் பார்த்து எடுங்கள். ஒரு மணிக்குக் குழந்தை தூங்கும்போது நிழலான மூலையில் ஒருவர் காவல் இருக்க, மற்றவர்கள் இரண்டு நாடுகளைத் தின்று தீர்த்துவிட்டு வரலாம், பிறகு முறை மாற்றிக்கொள்ளலாம். சவாரிகளிலும் இதே ஏற்பாடு உண்டு. 102 சென்டிமீட்டர் உயரம் கேட்கும் சவாரிக்கு ஒருவர் போய்வந்ததும், குழந்தையை வைத்திருந்தவர் மறுபடி நீண்ட வரிசையில் நிற்காமல் ஏறலாம். நுழையும்போதே ஊழியரிடம் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, பூங்காவே இல்லாத ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்னியின் அனிமல் கிங்டம் விடுதியில் சனா என்ற உணவகம் இருக்கிறது. ஆப்பிரிக்கச் சமையலும் இந்தியச் சமையலும் கலந்தது. பூங்கா டிக்கெட் தேவையில்லை, முன்பதிவு மட்டும் செய்தால் போதும். அங்கே நான் முதலில் கேட்பது ரொட்டித் தட்டு. சுடச்சுட 'நான்' ரொட்டியும் மற்ற ரொட்டிகளும், தொட்டுக்கொள்ள மாங்காய்ச் சட்னி, புளிச் சட்னி, கொத்தமல்லிச் சட்னி, தயிர்ப் பச்சடி என்று கிண்ணம் கிண்ணமாக வரும். பல நாள் பிற நாட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு புளியும் கொத்தமல்லியும் நாக்கில் படும் சுகத்தை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சன்னலுக்கு வெளியே புல்வெளி. ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேய்ந்துகொண்டிருக்கும். வெளிச்சம் இருக்கும்போதே போனால்தான் அவை தெரியும். ஆகவே மதிய வேளைக்கு, அதுவும் பன்னிரண்டு மணிக்கு முன்பாக இடம் கிடைக்குமா என்று கேட்கச் சொல்லுங்கள். சன்னலோர மேசை வேண்டும் என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள், காத்திருக்க நேர்ந்தாலும் காத்திருக்கலாம்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.