பழைய வண்டியை ஓட்டுங்கள், பூட்டி வைக்காதீர்கள்

வணக்கம் மக்களே. பள்ளத்தூர் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசுகிறேன், பக்கத்தில் லாரி போனால் சத்தம் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஓட்டிய பழைய பைக்குகளைப் பற்றி இன்றைக்குப் பேசலாம்.

முதல் வண்டி யெஸ்டி, அப்பாவிடமிருந்து வந்தது. மைசூரில் செய்த வண்டி, 1996-ல் அந்தக் கம்பெனியையே மூடிவிட்டார்கள். அதில் கிக்கரும் கியர் லீவரும் ஒரே கம்பிதான், உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர், உதைத்து முடித்து முன்னால் இறக்கினால் கியர். புதிதாக யாராவது ஓட்டக் கேட்டால் அங்கேயே திணறிவிடுவார்கள். பெட்ரோல் போட்டதும், அதோடு சேர்ந்து எரியும் டூ டி (2T) இன்ஜின் ஆயிலை டாங்கிலேயே ஊற்றி, வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டிக் கலக்க வேண்டும். தேவகோட்டை போய் வந்தாலே சட்டையெல்லாம் அந்த வாசம்தான்.

அப்புறம் யமஹா ஆர்எக்ஸ் 100. 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோனது. வெறும் 98 சிசி, 11 குதிரைத்திறன், ஆனால் வண்டியில் எடையே இல்லாததால் ஆக்சிலேட்டரைத் திருகினால் கையை விட்டுப் போகிற மாதிரி பாயும். குன்றக்குடி ரோட்டில் காலையில் ஆள் நடமாட்டம் இல்லாதபோது அதை ஓட்டிய சுகம் எனக்கு வேறு எந்த வண்டியிலும் கிடைக்கவில்லை. கண்மாய்க் கரையில் இறக்கினால் மட்டும் கருவேல முள் டியூபைப் பதம் பார்த்துவிடும்.

இப்போது என்னிடம் இருப்பது பழைய புல்லட் 350, வலது பக்கம் கியர், இடது பக்கம் பிரேக், முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இதை ஸ்டார்ட் செய்வதற்கு முரட்டுப் பலம் வேண்டாம், பொறுமை வேண்டும். சாவியைப் போட்டு, இன்ஜின் உள்ளே அழுத்தத்தைக் குறைக்கிற டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக்கொண்டு, கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். ஹெட்லைட் மேலே இருக்கும், கரண்ட் அளவு காட்டுகிற ஆம்ப் மீட்டரைப் பாருங்கள், முள் இடது பக்கம் சாய்ந்திருக்கும், அது நடுவுக்கு வந்து நிற்கிற இடத்தில் லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வர விட்டு, ஒரே உதை. அவசரப்பட்டு அரைகுறையாக உதைத்தால் அது திருப்பி உதைக்கும், கணுக்கால் போய்விடும்.

சரி, முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. நம்ம காரைக்குடியில் பழைய பொருளைப் பத்திரப்படுத்தத் தெரியும். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேக்குத் தூணும் நிலைக்கதவும் எத்தனை வருஷம் நின்றாலும் துடைத்தால் பளபளக்கும். அந்த நினைப்பிலேயே வண்டியையும் முகப்பில் ஏற்றி, தார்ப்பாயைப் போர்த்தி, வீட்டைப் பூட்டிவிட்டு சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுகிறார்கள். வண்டி அப்படித் தாங்காது. நின்ற வண்டியின் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தால், அடிக்கிண்ணத்தில் பெட்ரோல் வற்றி, பழுப்பாகப் பிசின் மாதிரி ஒட்டியிருக்கும். மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடுகிற சின்னக் குழாயான பைலட் ஜெட்டின் ஓட்டை ஏற்கனவே முடி அளவு, அது முழுக்க அடைத்திருக்கும். அதை ஊசியால் குத்தாதீர்கள், பித்தளை ஜெட் பெரிதாகிவிடும், கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும்.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய டாங்க் உள்ளே துருப்பிடிக்கும், அந்தக் காலத்து ரப்பர் வாஷர், பெட்ரோல் ஓஸ் எல்லாம் சீக்கிரம் கெடும். அதனால் வாரத்துக்கு ஒரு தடவையாவது இன்ஜின் நன்றாகச் சூடேறுகிற அளவுக்கு ஓட்டுங்கள், சும்மா நிறுத்தி வைத்து உறும விடுவதில் பலனில்லை. வெளியூர் போகிறீர்களா, பெட்ரோல் குழாயை மூடிவிட்டு வண்டி தானாக அணையும் வரை ஓடவிடுங்கள், கிண்ணம் காலியாகும். டயர் தரையில் படாமல் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன் சக்கரமும் தூக்கி நிற்க இன்ஜின் அடியில் ஒரு கட்டையும் கொடுங்கள். முடிந்தால் தெரிந்த மெக்கானிக் அண்ணன் யாரிடமாவது சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள், ஓட்டுகிற கையில் இருந்தால் அது கெடாது என்பது என் திடமான எண்ணம்.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டு முகப்பில் பழைய ஜாவா பைக் ஒன்று நிற்கிறது. வீட்டுக்கார ஆச்சி பொங்கலுக்கு வரும்போது கதவைத் திறந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் டாங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும், அதை அப்படியே படம்பிடித்து அடுத்த வீடியோவில் போடுகிறேன்.