காதில் விழாத பிரெஞ்சு

நேயர்களுக்கு வணக்கம். சேலத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் 22 ஆண்டுகளாகப் பிரெஞ்சு கற்பித்து வருகிறேன். பள்ளிப் பருவத்தில் அயல்மொழி படிப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். ஏற்காட்டில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பிளஸ் டூ மாணவர்களை அங்கே அழைத்துப் போயிருந்தோம். 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடிப்பதற்குள் பாதிப் பிள்ளைகளுக்குத் தலை சுற்றிவிட்டது. பிற்பகலில் ஒரு காப்பித் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தோம். பிரான்சிலிருந்து வந்திருந்த வயதான தம்பதியர் எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார்கள். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. அந்த அம்மையார் ஒரு பச்சை மிளகுச் சரத்தைத் தொட்டுக் காட்டி, பக்கத்தில் நின்ற என் மாணவியைப் பார்த்து, "கெஸ்கசே?" என்று கேட்டார்.

"இது என்ன?" என்று பொருள். முதல் பாடத்திலேயே வருகிற கேள்வி. அரையாண்டுத் தேர்வில் நூற்றுக்கு 96 வாங்கியவள் அந்தப் பெண். அந்தக் கேள்வியை எத்தனை முறை எழுதியிருப்பாள் என்பதற்குக் கணக்கே இல்லை. ஆனால் அவள் கையைப் பிசைந்துகொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். மலை இறங்கும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மிஸ், அந்தப் பாட்டி என்ன கேட்டார்கள்?" என்றாள்.

எழுத்தில் அந்தக் கேள்வி ஆறு சொற்கள். வாயிலிருந்து வரும்போது மூன்றே அசை: கெஸ், க, சே. அந்த ஆறு சொற்களையும் நான் அவளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தேன். மூன்று அசையையும் அவள் காதில் போட்டுப் பழக்கவில்லை. இத்தனைக்கும் அந்த மலைக்குப் பிரெஞ்சு ஒன்றும் புதிதல்ல. 1917இல் ஏற்காட்டில் மான்ட்போர்ட் பள்ளியைத் தொடங்கிய புனித கபிரியேல் சகோதரர் சபை பிரான்சில் பிறந்தது. 1930இல் சேலம் மறைமாவட்டம் உருவானபோது முதல் ஆயராக வந்தவரும் பிரெஞ்சுக்காரர்தான்.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் அயல்மொழி எப்போது வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 2006இல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தின்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். அந்தச் சட்டத்தை நான் மனதார வரவேற்கிறேன். தாய்மொழியை எழுதத் தெரியாத பிள்ளைக்கு வேறு மொழி கற்றுத் தருவது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். அதனால் பெரும்பாலான பிள்ளைகள் பிரெஞ்சைத் தொடுவது பிளஸ் ஒன்னில், 15 வயதுக்கு மேல். கையில் இருப்பது இரண்டே ஆண்டு. தமிழ்த் தாளில் செய்யுளும் இலக்கணமும் எழுத வேண்டுமே என்ற பயத்தில், மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுப்பவர்கள்தான் அதிகம். பொதுத்தேர்வில் முடிவு செய்வது எழுத்துத் தாள். எழுந்து நின்று இரண்டு வாக்கியம் பேசு என்று கேட்பார் இல்லை. கேட்காததை யார் படிப்பார்கள்?

பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் நடத்தும் டெல்ஃப் தேர்வு வேறு விதம். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். தேர்ச்சிக்கு 50 போதும். ஆனால் நான்கில் ஏதாவது ஒன்றில் ஐந்துக்குக் கீழே போனால், மொத்தம் எவ்வளவு வாங்கினாலும் தேர்ச்சி கிடையாது. பேசாமல் மௌனமாக இருந்து அந்தத் தேர்வைத் தாண்ட முடியாது. எனக்கு அந்த விதி மிகவும் பிடிக்கும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில், வாரத்தில் ஒரு வகுப்பு நேரத்தைக் கேட்பதற்கும் பேசுவதற்கும் மட்டும் என்று ஒதுக்கியிருந்தேன். மூன்றாவது வாரமே அழைத்துச் சொல்லிவிட்டார்கள்: சத்தம் வருகிறது, அந்த நேரத்தில் மாதிரி வினாத்தாள் எழுத வையுங்கள் என்று. மொழி வகுப்பில் சத்தம் வராமல் வேறு எந்த வகுப்பில் வரும்? அன்று பணிந்துபோனேன். மிளகுக் கொடிக்கு முன்னால் என் மாணவி வாயடைத்து நின்றபோது அந்தப் பணிவுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அதன் பிறகு கற்பிக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். அதுவரை பிரெஞ்சை ஆங்கிலத்தின் வழியாகத்தான் விளக்குவேன். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். இப்போது தமிழின் வழியாக விளக்குகிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலமே பாதி வழி. பாதி வழியில் நிற்பவரைக் கேட்டு மீதி வழி நடப்பது எப்படி?

மூக்கொலியை எடுத்துக்கொள்வோம். நல்லது என்பதற்குப் பிரெஞ்சில் 'போன்'. முடிவில் 'ன்' இருப்பதாக நினைத்து நாக்கை மேலே ஒட்டினால் தவறு. ஆங்கிலத்தைக் காட்டி இதைப் பல ஆண்டுகள் விளக்கிப் பார்த்தேன், நடக்கவில்லை. ஒருநாள் ஒரு மாணவனை எழுப்பி, 'மரம்' என்று புத்தகத்தைப் பார்த்து வாசிக்கச் சொன்னேன். உதடு மூடியது. "இதையே வீட்டில் அம்மாவிடம் பேசுவது போலச் சொல்" என்றேன். சொன்னான். உதடு மூடவில்லை, கடைசி உயிர் ஒலி மூக்கு வழியாகக் கரைந்து போனது. "அதுதான் பிரெஞ்சு மூக்கொலி. உனக்கு மூன்று வயதிலிருந்தே தெரியும்" என்றேன். வகுப்பு முழுவதும் மரம், பணம், படம் என்று தங்கள் உதட்டைத் தாங்களே தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

மீனுக்கும் குடிக்கும் பானத்துக்கும் பிரெஞ்சில் ஏறக்குறைய ஒரே சொல். முதல் எழுத்தின் அழுத்தத்தில் மட்டும் வேறுபாடு. தமிழில் இரண்டுக்கும் 'ப'தான் எழுத முடியும், ஆகவே தமிழ்ப் பிள்ளைக்கு இது வராது என்று சொல்வார்கள். 'ஐயோ பாவம்' என்பதிலும் நாட்டியத்தில் சொல்லும் 'பாவம்' என்பதிலும் எழுத்து ஒன்றுதானே? எந்தக் குழந்தையாவது ஒலியைக் குழப்புகிறதா? காதுக்குப் பிரிக்கத் தெரியும். எழுத்தை மறைத்துவிட்டுக் காதிடம் கேட்க வேண்டும்.

எண்கள் எல்லாரையும் மிரட்டும். பிரெஞ்சில் எழுபது என்றால் அறுபதும் பத்தும். எண்பது நான்கு இருபது. 97 என்பது நான்கு இருபது, பத்து, ஏழு: 'காத்ர வேன் தி ஸெத்'. என்ன மொழி இது என்று பிள்ளைகள் கேட்பார்கள். எண்பதுக்கு அடுத்து நாம் ஒன்பது பத்தைத் தொண்ணூறு என்கிறோமே, நூறே ஆகாத எண்ணில் நூறு எப்படி வந்தது? ஆயிரம் ஆகாத எண் எப்படித் தொள்ளாயிரம் ஆயிற்று? அதற்கு நம் இலக்கணத்தில் தனி விதியே இருக்கிறது. எந்த மொழியும் எண்களைக் கொஞ்சம் விநோதமாகத்தான் அடுக்கும் என்று தெரிந்ததும் பயம் போய்விடுகிறது. வெள்ளிக்கிழமைகளில் சூரமங்கலம் உழவர் சந்தையின் காய்கறி விலையை நான் பிரெஞ்சில் சொல்ல, அவர்கள் எண்ணில் எழுதுவார்கள். கத்தரிக்காய் 70ஐத் தாண்டிய வாரங்களில்தான் நல்ல பயிற்சி.

நீ, நீங்கள் என்ற வேறுபாட்டுக்கு ஒரு நிமிடம் போதும். ஆங்கிலம் வழியாகப் போனால் அரை வகுப்பு. மேசை எப்படிப் பெண்பால் ஆகும் என்ற கேள்விக்கு மட்டும் தமிழ் கைகொடுக்காது. அதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும் என்று நேராகச் சொல்லிவிடுகிறேன்.

பிரெஞ்சு மட்டும்தான் என்றில்லை. ஜப்பானிய மொழியில் பக்கத்தில் இருப்பது கொரே, கேட்பவர் பக்கம் இருப்பது சொரே, தள்ளி இருப்பது அரே, கேள்விக்கு தொரே. நம் இது, உது, அது, எது போன்ற வரிசை. தொல்காப்பியர் சொன்ன மூன்று சுட்டில் உகரச் சுட்டு சேலத்துப் பேச்சிலிருந்து போய்விட்டது, யாழ்ப்பாணத்தில் இன்னும் இருக்கிறது. வினைச்சொல் கடைசியில் வருவதும் நம்மைப் போலவே. இரண்டும் உறவு மொழிகள் என்று வாதிட்டவரும் உண்டு, பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், கற்பவருக்கு வழி நமக்குப் பழகிய வழி.

வகுப்பில் ஒருமுறை, வீட்டில் தமிழ் தவிர வேறு மொழி பேசுவோர் கை தூக்குங்கள் என்றேன். முதலில் யாரும் தூக்கவில்லை. பிறகு தயங்கித் தயங்கிப் பாதிக் கைகள் மேலே வந்தன. தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம், ஒரு வீட்டில் உருது. சேலத்தின் தறிக்காரத் தெருக்களில் வளர்ந்த பிள்ளைகள். பாட்டியிடம் ஒன்று, தெருவில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று நாள் முழுவதும் மொழி மாறி மாறிப் பேசுகிறார்கள். அதை ஒரு திறமை என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. வெட்கப்படுகிற விஷயம் என்றே நினைத்திருந்தார்கள்.

பெற்றோர் என்னிடம் கேட்பது வேலையைப் பற்றி. ஜெர்மனியில் செவிலியராகப் பணிபுரிய அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 நிலை மொழித்திறன் வேண்டும். அதாவது நோயாளி வலியைச் சொன்னால் புரிய வேண்டும். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் அங்கே உதவாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கோ அந்த இரண்டு ஆண்டும்கூட அரிதாகத்தான் கிடைக்கிறது. மாலையில் ஒரு மணி நேரம், ஓர் ஆசிரியர், ஒரு ஒலிபெருக்கி. இவ்வளவு இருந்தால் தொடங்கிவிடலாம். தலைமை ஆசிரியர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், சனிக்கிழமைகளில் வந்து கற்றுத்தர நான் தயாராக இருக்கிறேன்.

அந்த மாணவி? ஏற்காட்டிலிருந்து திரும்பிய மறுவாரம் வகுப்புக்கு ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தாள். தோட்டத்தில் கேட்டு வாங்கி வந்த மிளகு, வெயிலில் காய்ந்து கறுத்திருந்தது. ஒரு மணியை எடுத்து என் மேசைமேல் வைத்து, "கெஸ்கசே?" என்றாள். மூன்றே அசை.

"சே த்யூ புவாவ்ர்," என்றேன். மிளகு.

நன்றி, வணக்கம்.