சாவு இருந்தாத்தான் ஆட்டம்!

நடுவர் அவர்களே, வணக்கம். சபைக்கு வணக்கம். மணி மேலயே கையை வச்சிருக்கீங்க, அதனால மரியாதையை இத்தோட முடிச்சுக்கறேன்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு ஒரு ஆட்டம், ஆளுக்கொரு கதாபாத்திரமா மாறி, பகடை உருட்டி, சாகசம் பண்றது. அதோட பழைய பாணியில பாத்திரம் பொட்டுன்னு சாகறது சுவையா, சுமையா? நாங்க சுவை. எதிரணித் தலைவர் என்ன கேட்டாரு? "மூணு மணி நேரம் உக்காந்து ஒரு வீரனைச் செதுக்கறோம், மூணாவது நிமிஷம் பள்ளத்துல தள்ளி மூடிடறாங்க. இது விளையாட்டா, இழவு வீடா?"ன்னாரு. நீங்களும் கைதட்டினீங்க. தட்டுங்க, தட்டுங்க.

ஐயா, அந்த மூணு மணி நேரத்தை எங்க புடிச்சீங்க? டாம் மோல்ட்வே 1981-ல தொகுத்த பேசிக் விதிகளை, அதாவது புதுசா ஆட வர்றவங்களுக்கான விதிப் புத்தகத்தை எடுங்க. மூணு ஆறுமுகப் பகடையை ஆறு தடவை உருட்டு. பலம், புத்தி எல்லாம் வந்தாச்சு. வீரன்னா எட்டுமுகப் பகடை, மந்திரவாதின்னா நாலுமுகப் பகடை, ஒரே உருட்டு, அதான் உயிர். பூஜ்யத்துக்கு வந்தா ஆள் காலி. மறுபடி மூணு பகடை, பத்தால பெருக்கு, அதான் கையிருப்புப் பொற்காசு. கத்தி, கயிறு, பந்தம் வாங்கு. பேர் வை. காபி ஆறறதுக்குள்ள ஆள் ரெடி! நீங்க சொல்ற மூணு மணி நேரம் எதுக்கு? அவன் அப்பா பேரு, அப்பாவைக் கொன்னவன் பேரு, கொன்னவனோட சித்தப்பா பேரு... பத்துப் பக்கம் எழுதினா சாகறப்ப வலிக்கத்தான் செய்யும். அது சாவோட குத்தமில்ல, அந்தப் பத்துப் பக்கத்தோட குத்தம்!

அடுத்து, இழவு வீடு. அதுக்குத்தான் வரேன். அதே புத்தகத்துல ஆட்டம் எப்படி நடக்கும்னு காட்ட ஒரு மாதிரி உரையாடல் இருக்கு. பிளாக் டூகல்னு ஒரு திருடன். பெட்டியில கை வைக்கறான். சுருக்குன்னு ஒரு ஊசி. "விஷம்!"னு ஒரு திணறல், விழுந்துட்டான். பக்கத்துல ஃப்ரெட்ரிக்னு ஒரு குள்ளன். என்ன பண்றான்? அழுதானா? மார்ல அடிச்சானா? "புதையலை அள்ளிட்டுப் போக இவன் பையை நான் எடுத்துக்கறேன்"ங்கறான்! உடம்புல சூடு ஆறல ஐயா. நாடி புடிச்சுக்கூடப் பாக்கல. நம்ம ஊர்ல பீரோ சாவி தேடறதுக்குப் பதினாறாம் நாள் வரைக்குமாவது பொறுப்பாங்க! விளையாடக் கத்துக்குடுக்கற புத்தகத்துல, மாதிரி ஆட்டத்துலயே ஒருத்தன் சாகறான், ஒருத்தன் பையைத் தூக்கறான். அதைப் படிச்சுட்டுத்தான் சின்னப் பசங்க ஆட வந்தாங்க.

டூகல் ஏன் செத்தான்? முதல் லெவல் திருடனுக்குப் பொறி கண்ணுல படற வாய்ப்பு 10 சதவீதம். விஷம் ஏறிட்டா, பிழைக்க இருபதுமுகப் பகடையில 13 இல்ல அதுக்கு மேல விழணும், அதாவது 40 சதவீதம். பகடையை நம்பினான், போனான். பத்தடிக் கம்பு ஒரு பொற்காசு ஐயா! தள்ளி நின்னு மூடியை நெம்பியிருந்தா, இல்ல பின்பலகையைப் பேத்திருந்தா, ஊசி காத்தைத்தான் குத்தியிருக்கும். பகடைக்கே வேலை இல்ல. இந்த ஆட்டத்தை உருவாக்கினவங்கள்ல ஒருத்தர் கேரி கைகாக்ஸ். அவரோட 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்'ங்கற சாகசப் புத்தகம் 1978-ல அச்சாச்சு. அதுல ஒரு பச்சை முகம், வாயைப் பொளந்துட்டு நிக்கும். உள்ள நுழைஞ்சவன் மிச்சமில்லாம காலி, தப்பிக்க உருட்டற சேவிங் த்ரோவும் கிடையாது. "அநியாயம்"னு துள்ளினாரு எதிரணி நண்பர். முதல்ல கம்பை விட்டுப் பாருங்க, நுனி போயிருக்கும். தலை போறதுக்கு நுனி போனா லாபம்தானே?

சண்டை போட்டா லாபமான்னு கேட்டா, அதுவும் இல்ல. கோப்ளின்ங்கற குட்டிப் பூதம் ஒண்ணைக் கொன்னா 5 அனுபவப் புள்ளி, புதையல்ல ஒரு பொற்காசுக்கு 1. வீரன் ரெண்டாவது லெவலுக்கு 2000 வேணும். புள்ளியைப் பங்கு போடாம தனியா வாங்கினாக்கூட 400 கோப்ளின்! எதிர்ல வர்றது பாத்த உடனே பாயணும்னா ரெண்டு பகடையிலயும் 1 விழணும், 36-ல ஒரு தடவை. பேசு, லஞ்சம் குடு, ஓடு. இதெல்லாம் யாருக்குத் தோணும்? சாவோமோன்னு பயந்தவனுக்குத்தான்.

சரி, கணக்கு போகட்டும். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. அந்தக் கூட்டத்துக்குப் பின்னால பந்தம் புடிச்சுட்டு ஒரு கூலியாள் வர்றான்னு வைங்க. பேர்கூட யாரும் வைக்கல. பந்தம் எரியறது ஒரு மணி நேரம், அவனுக்குக் கிடைக்கற அனுபவம் அரைப் பங்கு. டூகல் விழுந்ததும் டூகலை ஆடினவர் இந்தப் பயலைக் கையில எடுக்கறாரு. இப்பத்தான் ஐயா அவனுக்குப் பேர் வைக்கறாங்க! உங்க ஆட்டத்துல நாயகன் சாகவே மாட்டான். அப்ப இவன் கடைசிவரைக்கும் பந்தம்தானே புடிக்கணும்? எங்க ஆட்டத்துல இவன் வாள் எடுப்பான், தப்பிப்பான், ஒன்பதாவது லெவல்ல கோட்டை கட்டுவான். அந்த வாசக்கல்லுல யார் பேரை வெட்டுவான்? சொல்லுங்க, எதிரணித் தலைவரே. டூகல் பேரை வெட்டுவான் ஐயா! பையைத் தூக்கின குள்ளன் பேரையா வெட்டுவான்?