மலைக்கோட்டைக் குகையும் நம் தோட்டத்துக் கோயில்களும்

(இலங்கை மலையகத்தில் அட்டனை அடுத்த தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, அருளாசி வழங்கி அமர்ந்திருக்கும் பிரதம குருக்கள் ஐயா அவர்களே, ஆலய பரிபாலன சபைத் தலைவர், செயலாளர், பொருளாளர் பெருமக்களே, பிரதேச சபை உறுப்பினர் அவர்களே, இந்த மழையிலும் மூடுபனியிலும் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்த வர்த்தகப் பெருமகன் அவர்களே, பாடசாலை அதிபர் அவர்களே, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, தலைவர்மார்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

சபைத் தலைவர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. மண்சரிவில் இந்தக் கோயிலின் பின்சுவர் சாய்ந்தபோது, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்குப் போகுமுன் விடியற்காலையிலேயே மண்வெட்டியோடு வந்து நின்றவர் அவர். அவர் நின்றதால்தான் வரிசை வீடுகளான லயங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் சிரமதானத்துக்கு வந்தார்கள். குருக்கள் ஐயாவோ அந்த நாட்களில் ஒரு வேளைப் பூசையைக்கூட நிறுத்தவில்லை. தகரக் கொட்டகைக்குள் குடை பிடித்துக்கொண்டு தீபம் காட்டினார். வர்த்தகப் பெருமகன் சீமெந்தும் கம்பியும் லொறியில் அனுப்பி வைத்தார். அதிபர் அவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு கூட்டம் போட்டுப் பேச வேண்டும். எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

நவீன நகரத்துக்குள் இருக்கும் பழைய குகைக்கோயில் ஒன்றைப் பார்த்து வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பேசப்போவது திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையைப் பற்றி. மூன்று விசயம் சொல்கிறேன். அந்தக் குகையைக் குடைந்த விதம் ஒன்று. அத்தனை சந்தடிக்குள் நகரத்து மக்கள் அதை எப்படிக் காப்பாற்றி வருகிறார்கள் என்பது இரண்டு. அதில் நமக்கு என்ன பாடம் என்பது மூன்று. இந்த மூன்றாவதுக்காகத்தான் நான் வந்தேன். எங்கள் அப்பாயி வாய்க்கு வாய் சொல்லும் பழமொழி ஒன்று: எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா? இன்றைக்கு அதை நீங்கள் பலமுறை கேட்க வேண்டியிருக்கும்.

கட்டுநாயக்காவில் விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் திருச்சி. நம் பாட்டன் பூட்டன் கடலைக் கடந்து, தலைமன்னாரிலிருந்து காடு வழியாக மாத்தளை வரை நடந்து, வழியெல்லாம் ஆட்களைப் பறிகொடுத்து வந்த தூரம் அது. நகரத்துக்குள் போனால் சத்திரம் பஸ் நிலையம், தெப்பக்குளம், பெரிய கடைவீதி, சின்னக் கடைவீதி. பாத்திரக்கடை, துணிக்கடை, ஒலிபெருக்கி, ஆட்டோ. இந்த நெரிசலுக்கு நடுவே 83 மீற்றர் உயரத்துக்கு ஒரே பாறை எழுந்து நிற்கிறது. அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், நடுவில் தாயுமான சுவாமி, உச்சியில் பிள்ளையார். திருஞானசம்பந்தர் ‘சிராப்பள்ளிக் குன்றுடையான்’ என்று பாடினாரே, அந்தக் குன்று இதுதான்.

தாயுமானவர் சன்னதியைக் கடந்து உச்சிப்பிள்ளையாரை நோக்கி ஏறும் வழியில் இருக்கிறது நான் சொல்ல வந்த குகை. பிள்ளையாரைப் பார்க்கும் அவசரத்தில் பாதிப் பேர் அதைக் கவனிக்காமலே போய்விடுகிறார்கள். 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த கோயில் அது. லளிதாங்குரன் என்பது அவனுடைய பட்டப்பெயர்களில் ஒன்று. அதனால் லளிதாங்குர பல்லவேஸ்வர கிருகம் என்று பெயர். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தேன் என்று மண்டகப்பட்டில் கல்வெட்டு வைத்தவனும் அவனே. உளியும் சுத்தியலும் மட்டும் வைத்துக் கருங்கல்லைக் குடைவதென்றால் எப்படிப்பட்ட வேலை! கட்டடத்தில் ஒரு கல் பிசகினால் மாற்றிவிடலாம். குடைவரையில் ஒரு தூண் பிசகினால் மாற்றுவதற்கு வேறு தூண் கிடையாது.

உள்ளே மேற்குச் சுவரில் கங்காதரர். தூக்கிய காலைப் பூதகணம் ஒன்று தாங்க, ஒரு கையால் சடையில் ஒரு புரியைப் பிடித்து நீட்டுகிறார். அந்தப் புரியை நோக்கிச் சின்ன உருவமாக, கைகூப்பியபடி, கங்கை இறங்கி வருகிறாள். ஆயிரம் யானைப் பலத்தோடு வருகிற வெள்ளம், அவர் முன்னால் ஒரு பெண்பிள்ளை அளவுக்குச் சிறுத்துப் போகிறது. நான் அதை விட்டு நகர முடியாமல் நின்றேன். எதிரே கிழக்கில் கருவறை.

இனித்தான் விசயத்துக்கு வருகிறேன். அந்தச் சிற்பத்தின் இரு பக்கத்துத் தூண்களிலும் வடமொழிக் கவிதைகள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒரு கவிதை சொல்கிறது: சிவனுக்கு நதிகளென்றால் பிரியம், சோலைகளை மாலையாகச் சூடிய காவிரியைக் கண்டு அவளிடமும் மனம் போய்விடுமோ என்று அஞ்சி, மலைமகள் பிறந்த வீட்டையே விட்டு வந்து இந்த மலையில் குடியிருக்கிறாள், ‘இந்தக் காவிரி பல்லவனுக்கு உரியவள்’ என்று சொல்லிக்கொண்டு. இன்னொன்றில் சிவபெருமானே கேட்கிறார்: பூமியில் கட்டிய கோயிலில் நின்றால் சோழரின் சீரையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பது? அதனால் மன்னன் அவருக்கு இந்த மலையைக் கொடுத்தானாம்.

பார்த்தீர்களா, கோயிலைக் குடைந்ததோடு அவன் நிறுத்தவில்லை. யார் செய்தது, யாருக்காகச் செய்தது, ஏன் இந்த இடம் என்று எல்லாவற்றையும் தூணிலேயே வெட்டி வைத்துவிட்டான். 1400 வருடம் கழித்து அட்டனிலிருந்து போன ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அவன் மனத்தில் ஓடியதைத் தெரிந்துகொள்கிறான். எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா? அவன் எழுதினான். மலையைச் சுமந்து உடைத்த கல்தச்சர்களின் பெயர் அங்கே இல்லையே என்று கேட்பீர்கள். நியாயம். ஆனால் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரி என்ற ஊரில் ஒரு பாறை இருக்கிறது. அதில் தச்சர்களின் பெயர்களையே வெட்டியிருக்கிறார்கள். கேவாத பெருந்தச்சன் என்று ஒரு பெயர். அரசனில்லை, மந்திரியில்லை, கல்லுடைத்தவன். அவன் பெயரை இன்று நான் இந்த மலையில் நின்று உச்சரிக்கிறேன்.

சரி, படிக்கட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மாமார் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

தாயுமானவர் சன்னதிக்கு வெளியே வாழைத்தாரோடு ஒரு குடும்பம் நின்றது. சுகப்பிரசவம் ஆனால் அந்தச் சாமிக்கு வாழைத்தார் கொடுப்பது வழக்கம். நான் கூட வந்தவரிடம், ‘நாளைக்குக் கோச்சியில் போவோமா, பஸ்ஸில் போவோமா’ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ரயிலைக் கோச்சி என்பது நம் ஊர்ப் பேச்சு. அந்தக் குடும்பத்தில் ஒரு முதியவர், வெள்ளைச் சேலை, காதில் தோடு இழுத்துத் தொங்குகிறது. திரும்பிப் பார்த்தார். ‘கோச்சின்னா சொன்னீங்க? தம்பி சிலோனா?’

ஆமாம்மா, அட்டன் என்றேன். அவ்வளவுதான், என் கையைப் பிடித்துக்கொண்டார். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவராம். சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் போன குடும்பம். 1964இல் இரண்டு நாட்டுக்கும் இடையே கையெழுத்தானதே, நம் மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்வோம் என்று, அந்த ஒப்பந்தம். ஒப்பாரிக் கோச்சி என்று நம்மவர்கள் பெயர் வைத்தார்களே, அதில் ஏறிய சிறுமி இந்த அம்மா. தலைமன்னார், கப்பல், இராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் ஊரின் முகாம், பிறகு திருச்சி.

பேத்திக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, அதற்காக வாழைத்தார். தாயுமானவர் கதையை அவர் வாயாலேயே கேட்டேன். ரத்தினாவதி என்று ஒரு செட்டிப்பெண். தலைப்பிரசவம். காவிரிக்கு அக்கரையில் இருந்து தாய் வர வேண்டும். ஆற்றில் வெள்ளம். வலி வந்துவிட்டது, கூப்பிட யாருமில்லை. அவள் இந்த மலையைப் பார்த்து அழுதாள். சிவபெருமான் அந்தத் தாயின் உருவத்திலேயே மூட்டையோடு வாசலில் வந்து நின்றார். மருந்து இடித்தார், பிரசவம் பார்த்தார், பிள்ளையைக் குளிப்பாட்டினார். வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்து கதவைத் தட்டியபோது வீட்டுக்குள் இரண்டு தாய். ஒருத்தி மறைந்துபோனாள். ‘எங்கம்மாவுக்கு முகாம்ல தம்பி பிறந்தப்ப ஊர்க்காரி ஒருத்தி இப்படித்தான் வந்து நின்னா; அதனால நான் இந்தச் சாமிய விடுறதில்ல’ என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். வெள்ளத்தில் ஓயாவை, அந்த ஆற்றைக் கடக்க முடியாமல் மகளின் பிரசவத்துக்குப் போய்ச்சேராத தாய்மார் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பிறகு அந்த அம்மா கேட்டார்: ‘தம்பி, எங்க தோட்டத்துல வேலிமலைக்குக் கீழ, காட்டு ஓரத்துல, பெரிய கல்லுக்குக் கீழ ஒரு மாடசாமி இருக்கும். எங்க தாத்தா வச்சது. இருக்கா?’

அந்தத் தோட்டம் எனக்குத் தெரியும். பாறை கவிந்து குகைபோல இருக்கும் இடம். அதற்குள் ஒரு கல், ஒரு சூலம், கறுத்துப்போன அகல் விளக்கு. புதுக்கோயில் கட்டியபோது அந்தப் பாறையை உடைத்து அத்திவாரத்துக்குப் போட்டுவிட்டார்கள். பழைய கல் எங்கே போனதென்று கேட்டால் சொல்ல ஆளில்லை. இன்று பளபளவென்று கோபுரம் நிற்கிறது. நான் உள்ளதைச் சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘அப்ப எங்க தாத்தா அங்க வந்ததே இல்லன்னு ஆயிருச்சே தம்பி’ என்றார். தாத்தாவின் பெயரை எனக்குச் சொன்னார். என் கொப்பியில் இருக்கிறது. அவரிடம் கேட்காமல் மேடையில் சொல்லமாட்டேன்.

எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா, சொல்லுங்கள்.

நம் பெரியவர்கள் கழுத்தில் தகரத் துண்டைக் கட்டி வந்தார்கள். அதில் எழுத்தும் எண்ணும் இருந்தன, பெயர் இல்லை. தோட்டத்துக்கு வந்த பிறகு செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் அரைப் பேர், முழுப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், முழு நாள் சம்பளம். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது பிறந்த தாளைக் காட்டு, பாட்டன் பிறந்த தாளைக் காட்டு என்றார்கள். லயக் காம்பராவில் பிறந்தவன் எந்தத் தாளைக் காட்டுவான்? ஆனால் அவன் ஒரு கல்லை நட்டிருந்தான். மாடசாமி என்றும் முனியாண்டி என்றும், தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக்குப் போகுமுன் கும்பிடும் கவ்வாத்துச்சாமி என்றும், தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ரோதமுனி என்றும் வைத்துக் கும்பிட்டிருந்தான். தேயிலை மலையில் அவன் இருந்ததற்கு அவனே வைத்த சாட்சி அது. மாத்தளை முத்துமாரியம்மன் ஆரம்பித்ததும் நடந்து வந்த மக்கள் கையெடுத்துக் கும்பிட்ட இடத்தில்தான். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம் மக்கள் நினைவு நடை நடந்தார்களே, அந்தப் பாதையில் செத்துப்போன எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

நகரத்து மக்கள் எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று பேசுவதாகச் சொன்னேன். நேரம் போய்விட்டது, குருக்கள் ஐயா பூசைக்கு எழ வேண்டும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்தக் குகை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன்மேல் யாரும் பெயின்ட் அடிக்க முடியாது, மாபிள் பதிக்க முடியாது. நம் தோட்டத்துக் கல்லுக்கு அப்படிக் காவல் யாருமில்லை. நாம்தான் காவல்.

ஆகையால் சபைத் தலைவர் ஐயாவிடமும், மற்றத் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் சபைக்காரர்களிடமும் உரிமையோடு கேட்கிறேன். இனிக் கும்பாபிஷேகம் செய்கிற எந்தக் கோயிலிலும் பழைய கல்லை, பழைய சூலத்தை, பழைய மணியை அசைக்குமுன் ஒரு படம் எடுங்கள். மூத்தவர்களை உட்காரவைத்து, முதலில் யார் வைத்தது, எந்த ஊரிலிருந்து வந்தவர், எந்தக் கங்காணியின் கீழ் வந்தவர் என்று கேட்டு எழுதுங்கள். மணியில் எழுத்து இருந்தால் புளி போட்டுத் துலக்குமுன் படித்துப் பாருங்கள். வருடமும் பெயரும் அதில் இருக்கக்கூடும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகளைக் கூப்பிட்டு, எழுத்தின்மேல் தாளை ஒற்றி மையால் மைப்படி எடுக்கச் சொல்லுங்கள். அதன்பிறகு வாசலில் ஒரு கருங்கல் பலகை. உபயகாரர் பெயரும் அதிதிகள் பெயரும் தாராளமாக வரட்டும், அவர்கள் கொடுத்தவர்கள். அதற்கு மேல் வரியில் முதல் கல்லை நட்டவரின் பெயர் வரட்டும். கல்லைச் சுமந்த பெண்களின் பெயரும் வரட்டும். மாபிளில் வேண்டாம், கருங்கல்லில் வெட்டுங்கள். ஆயிரத்து நானூறு வருடம் நின்றது கருங்கல்தான்.

வர்த்தகப் பெருமகன் அவர்கள் சற்று முன்னர் என்னிடம் காதோடு, இந்தக் கோயிலின் பலகைக்கு ஆகும் செலவைத் தாம் ஏற்பதாகச் சொன்னார்கள். இந்தச் சபையின் சார்பில் அவருக்கு நன்றி. அப்படியானால் வெட்டுவதற்குப் பெயர்கள் வேண்டும். மண்டபத்தின் வலப்பக்கத்தில், குடிதண்ணீர்ப் பானைக்குப் பக்கத்து மேசையில், நான்கு கொப்பி வைத்திருக்கிறோம். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பேனையோடு காத்திருக்கிறார்கள். பூசை முடிந்ததும் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போய்விடாதீர்கள். மேல் லயத்து மூத்த அம்மாக்கள் முதலில் வாருங்கள், உங்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறது. மற்றவர்கள் வரிசையில் நில்லுங்கள்.