கடலோர ஆய்வுக்கு உபகாரச் சம்பளம்: உங்கள் விண்ணப்பம் எந்தக் கரையைப் பற்றியது?

[திரையில்: தெலுக் பஹாங் ஜெட்டி, காலை நேரம்]

வணக்கம். கடலோர வள மேலாண்மை, சமூக மீள்திறன் என்று முதுகலை உபகாரச் சம்பள அறிவிப்பு ஒன்று வந்தால், நம் பிள்ளைகளில் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கடல் உயிரியல் படித்தவர்களுக்கு உள்ளது, நமக்கில்லை என்ற நினைப்பு. பினாங்கில் இருந்துகொண்டு இப்படி நினைப்பதுதான் எனக்கு வியப்பு.

மீள்திறன், அதாவது பேரிடரைத் தாங்கி மீண்டு எழும் திறன், என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒரே ஒரு நாளைத்தான். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கியபோது நம் நேரப்படி காலை 9 மணிகூட ஆகவில்லை. சுனாமி அலை பினாங்குக்கு வந்தது பிற்பகல் 1 மணி வாக்கில். இடையில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் இருந்தது. கரையில் குளித்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சொல்ல ஓர் ஏற்பாடு இல்லை. மலேசியாவில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கில் இறந்தவர்கள்.

அப்புறம் எச்சரிக்கை அமைப்பு வந்தது, சைரன்களும் வந்தன. சரி, இன்று சைரன் ஒலித்தால்? மீனவக் கம்பத்துக்காரருக்கு (கிராமத்தாருக்கு) மேட்டுக்குப் போகும் வழி தெரிந்திருக்கும். பட்டர்வொர்த்திலிருந்து குடும்பத்தோடு பத்து ஃபெரிங்கி கடற்கரைக்கு வந்தவருக்கு? கரையோர ஹோட்டலில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு, அறிவிப்பு மலாயில் மட்டும் வந்தால்? இதற்குப் பதில் தேட மீனின் செவுளைப் பற்றித் தெரிய வேண்டியதில்லை. சமூகவியல், சட்டம், தொடர்பியல், பொதுச் சுகாதாரம் படித்தவர் தேடலாம். உபகாரச் சம்பளம் கொடுப்பவர்கள் எதிர்பார்ப்பதும் இப்படிப்பட்ட கேள்விகளைத்தான்.

[திரையில்: தீவின் தென்கரை, சம்பான்கள்]

வளம் என்ற பக்கத்துக்கு வருவோம். பாயான் லெப்பாஸுக்குத் தெற்கே கடலை நிரப்பித் தீவு கட்டும் திட்டம் உங்களுக்குத் தெரியும். மூன்று தீவுகள் என்று தொடங்கிய திட்டம், 2023இல் ஒரே தீவாகச் சுருங்கியது. மீனவர்கள் பல ஆண்டுகளாக எதிர்த்து வருகிறார்கள். விண்ணப்பத்தில் ஆதரவு, எதிர்ப்பு என்று முழங்காதீர்கள். தேர்வுக் குழு அதைக் கேட்கவில்லை. படகு உரிமம் உள்ளவருக்கு இழப்பீடு கணக்கிடலாம். உரிமம் இல்லாமல் கூலிக்கு வலை இழுப்பவருக்கும், மீனைத் தரம் பிரிக்கும் அவர் மனைவிக்கும் என்ன கணக்கு? இது ஓர் ஆய்வுக் கேள்வி. "கடலைக் காப்பாற்ற விரும்புகிறேன்" என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. அந்த வரியை எழுதாத விண்ணப்பதாரர் அபூர்வம்.

இன்னும் இரண்டு இடங்களைச் சொல்கிறேன். கெராங் என்ற சிப்பியை வளர்க்கும், பினாங்கின் பெருநிலப் பகுதியில் உள்ள கோலா ஜூருவில், ஆற்று மாசு அந்த வளர்ப்பை என்ன செய்கிறது என்று கேட்கலாம். பேராக்கில் மாத்தாங் சதுப்புக்காடு, ஏறத்தாழ 40,000 ஹெக்டர். நூறாண்டுக்கு மேலாக, 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டி, கரி சுட்டு, மறுபடி வளரவிட்டு நடத்துகிறார்கள். கடலோர மேலாண்மைக்கு உதாரணம் தேடி ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் முதலில் அந்தக் காட்டை ஒட்டிய கோலா செபெத்தாங் வரை ஒரு நடை போய் வரலாம்.

[திரையில்: பணம் எங்கிருந்து?]

பிரிட்டிஷ் அரசின் செவனிங் உபகாரச் சம்பளம், ஓராண்டு முதுகலைக்கு. 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்பார்கள். படித்து முடித்து இரண்டு ஆண்டுகளாவது சொந்த நாட்டில் இருக்க வேண்டும். பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து முதுகலை நடத்தும் ஐரோப்பாவின் எராஸ்முஸ் முண்டுஸ் திட்டத்தில் நீர், கடலோர மேலாண்மைக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. ஸ்பெயினின் காடிஸ், இத்தாலியின் போலோன்யா, போர்ச்சுகலின் அல்கார்வ் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துகின்றன. எராஸ்முஸ் முண்டுஸ் உபகாரச் சம்பளம் மாதம் 1,400 யூரோ. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் விமான டிக்கெட், விசா எல்லாம் அதற்குள்ளேதான். ஐநா–நிப்பான் அறக்கட்டளை ஃபெல்லோஷிப் ஒன்பது மாதம். பட்டம் கிடைக்காது, கடல் விவகாரங்களில் ஏற்கெனவே வேலை பார்ப்பவர்களுக்கு உரியது.

உள்ளூரிலேயே படிக்க நினைத்தால் யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) இருக்கிறது. அதன் கடல், கடலோர ஆய்வு மையம் தெலுக் ஆலிங்கில், தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. மீன்வள ஆய்வு நிறுவனமான உலக மீன் மையத்தின் (WorldFish) தலைமையகமும் பினாங்கில்தான், பத்து மாவுங்கில். உள்ளூரில் பெரும்பாலும் மேற்பார்வையாளரின் ஆய்வு மானியத்திலிருந்துதான் மாதப் படி வரும். அதனால் விண்ணப்பப் படிவத்துக்கு முன்னால் பேராசிரியரைத் தேடுங்கள். அவர் கடைசியாக எழுதிய இரண்டு கட்டுரைகளைப் படித்துவிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். "மதிப்பிற்குரிய ஐயா" என்று ஒரே கடிதத்தை இருபது பேருக்கு அனுப்பினால், அது இருபது பேருக்கும் தெரிந்துவிடும்.

கடைசியாக, நீங்கள் ஆய்வு செய்யப்போகும் கரையில் உள்ள மீனவர் சங்கத்திடம் ஓர் ஆதரவுக் கடிதம் கேட்டுப் பாருங்கள். எல்லா இடத்திலும் கட்டாயமில்லை. ஆனால் கடிதம் இருந்தால், நீங்கள் அந்த இடத்துக்கு உண்மையிலேயே போனவர் என்று குழுவுக்குத் தெரியும். கேட்கப் போகும்போது மலாயில் ஒரு பக்கச் சுருக்கம் கையில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதிய முழுத் திட்டத்தை ஜெட்டியில் யாரும் உட்கார்ந்து படிக்கப் போவதில்லை.