சாட்சி சட்டம் எழுத முடியாது

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையோருக்கும் வணக்கம்.

சரியும் தவறும் எல்லோருக்கும் பொது என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய நண்பர் சொன்னது இதுதான்: "ஓர் இடத்தில் சரி என்பது இன்னோர் இடத்தில் தவறு, ஒரு காலத்தின் நியாயம் அடுத்த காலத்தில் அநியாயம். ஆகவே அவரவர் மனசாட்சி சொல்வதே சரி." நன்றாகப் பேசினார், கைதட்டலும் கிடைத்தது.

நான் அவருடைய சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். மனசாட்சி. நம் மொழி அதை மனநீதிபதி என்று சொல்லவில்லை, சாட்சி என்றுதான் சொல்கிறது. பார்த்ததைப் பார்த்தபடி சொல்வதுதான் சாட்சிக்கு வேலை. அந்தச் சாட்சி பயப்படலாம், விலை போகலாம். பிறழ் சாட்சி என்று அதற்கு ஒரு பெயரே இருக்கிறதே! சாட்சி பிறழ்ந்துவிட்டால், நடந்தது நடக்காமல் போய்விடுமா?

ஜான் நியூட்டன் என்ற ஆங்கிலேயரைச் சொல்கிறேன். 1750 முதல் 1754 வரை அடிமை வணிகக் கப்பல்களுக்கு கேப்டனாக இருந்தவர். ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கி, விலங்கு பூட்டி, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் கொண்டுபோய் விற்றார். பக்திமான்தான், மாலுமிகளைக் கூட்டி வைத்துக் கப்பலிலேயே வழிபாடு நடத்தியவர். அந்தத் தொழிலில் இருந்த காலம் முழுவதும், இது முறைதானா என்ற உறுத்தல் துளியும் தனக்கு வந்ததில்லை என்று அவரே பின்னாளில் எழுதினார். 1754இல் கடலை விட்டதும் உடம்பு முடியாமல் போனதால்தான். அப்புறம் பாதிரியார் ஆனார். 1788இல், அடிமை வணிகத்தை எதிர்த்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். நானும் அதற்குக் கருவியாக இருந்தேனே என்று வெட்கப்பட்டு, இப்போது நினைத்தால் நெஞ்சு நடுங்குகிறது என்று எழுதினார்.

எதிரணியின் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். 1750இல் மனசாட்சி உறுத்தவில்லை, அதனால் அன்று அவர் செய்தது சரி. 1788இல் உறுத்துகிறது, அதனால் இன்று தவறு. அப்படியானால் அந்த மனிதர் எதற்காக வெட்கப்படுகிறார்? நேற்று பிடித்த நிறம் இன்று பிடிக்காமல் போனால் யாரும் கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்பதில்லை. நியூட்டன் நடுங்கியது, அன்றே அது தவறாக இருந்தது, தன் கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்று புரிந்ததால். வருந்துவது என்ற ஒன்று மனிதனுக்கு இருக்கிறதே, அதை உங்கள் வாதத்தில் எங்கே வைப்பீர்கள்? எனக்கு இடம் தெரியவில்லை.

பொது நியாயம் என்பது வலுத்தவன் எழுதி மற்றவர் தலையில் கட்டியது என்றும் ஒரு குற்றச்சாட்டு வந்தது. அப்படிக் கட்டிய வரலாறு உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் ஐ.நா. பொதுச்சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றபோது 48 நாடுகள் ஆதரித்தன, 8 நாடுகள் ஒதுங்கி நின்றன, எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை. அதை எழுதியவர்களில் சீனாவின் பி.சி. சாங் இருந்தார், லெபனானின் சார்லஸ் மாலிக் இருந்தார். முதல் பிரிவில் ஆண்களை மட்டும் குறிப்பதாக இருந்த சொல்லை மாற்றி, மனிதர் எல்லோரும் என்று எழுத வைத்ததில் இந்தியாவின் ஹன்சா மேத்தாவுக்குப் பெரும் பங்கு உண்டு. அதே பிரிவில் 'மனசாட்சி' என்ற சொல்லும் இருக்கிறது, சாங் வற்புறுத்தியதால். அவர் மனத்தில் இருந்தது 'ரென்' என்ற சீனச் சொல். மனிதன், இரண்டு என்ற இரண்டு குறிகள் சேர்ந்த எழுத்து அது. எதிரே இன்னொருவர் இருக்கிறார் என்ற உணர்வு. எனக்குள் மட்டும் கேட்கும் தனிக்குரலை அவர் சொல்லவில்லை.

எதிரணித் தலைவர் ஹியூ தாம்சனைச் சொன்னார். 1968 மார்ச் 16, வியட்நாமின் மை லாய். தன் நாட்டுப் படையினரே கிராம மக்களைச் சுட்டுக் கொல்வதைக் கண்டு, நடுவே ஹெலிகாப்டரை இறக்கி, தப்பி வந்தவர்களைக் காப்பாற்றிய அமெரிக்க விமானி. "மனசாட்சிதானே அவரை இறக்கியது?" என்று கேட்டார். ஆமாம், இறக்கியது. ஆனால் சுட்டவர்களில் ஒருவர், என் மனசாட்சிக்கு இது சரி என்று சொல்லியிருந்தால், உங்களிடம் என்ன பதில்? இருவரும் அவரவர் அளவில் சரி என்பீர்களா? நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். தாம்சனை நீங்கள் மெச்சிப் பேசியதே, அவர் பக்கம்தான் சரி என்று எல்லோரையும் போல உங்களுக்கும் தெரிவதால்தான்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். அவரவர் மனசாட்சி என்கிறீர்களே, யாருடைய மனசாட்சி? எப்போதும் செய்தவரையே கேட்கிறீர்கள். நியூட்டனுக்கு அது புரிய முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. கப்பலின் அடித்தட்டில் சங்கிலியோடு கிடந்தவர்களுக்கு 1750இலேயே தெரியும்.

நன்றி, வணக்கம்.